கோபுரம் தெரியும் தூரம்

சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மடிக்கணினியில் அப்பாவுக்கு எங்கள் ஊரைக் காட்டினேன். ஃபிளைட் சிமுலேட்டர் ஒன்றுக்காக இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்துவந்த வரைபடம் அது. சங்கரன்கோவில், அதன் தெருக்கள், தெப்பக்குளம், ரயில் நிலையம், சுற்றியுள்ள கரிசல், மேற்கே மலைத்தொடர். நடுவில் சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம். கோபுரத்துக்கு மட்டுமே மூன்று மாதம் உழைத்திருந்தேன்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலி - சங்கரன்கோவில் தடத்தில் பல வருடம் ஓட்டியிருக்கிறார். நான் விமானத்தைத் தெற்கிலிருந்து, ஏறக்குறைய அவருடைய பஸ் ரோட்டுக்கு மேலேயே கொண்டுவந்தேன். மானூர் போனது, தேவர்குளம் போனது, பனவடலிசத்திரம் போனது. அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

"எல, கோயில எங்க?"

"வரும்பா, கிட்ட போகணும்."

"கிட்ட போயி என்னத்துக்கு? மழை ஓஞ்ச மறுநா காலைல, பனவடலி தாண்டுனதுமே கோபுரந் தெரியும்லா. அதப் பாத்துதான ஊரு வந்துட்டுன்னு பாதிப்பேரு செருப்ப மாட்டுவான்."

மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வெற்றுத்தரையிலிருந்து கோபுரம் டபக்கென்று முளைத்தது. அப்பா சிரித்துவிட்டார். "இதென்னடே, மேஜிக் ஷோ மாதிரி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாத உழைப்பு அவர் கண்ணுக்கு மேஜிக் ஷோ.

நான் சந்தித்த சிக்கலுக்கு கேம் உலகில் பெயர் உண்டு: டிரா டிஸ்டன்ஸ். ஒரு பொருளை எவ்வளவு தூரத்திலிருந்து வரையத் தொடங்குவது என்பது. காட்சித்தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன், நியாயமாக ஒரு கோபுரம் எவ்வளவு தூரம் தெரியவேண்டும் என்ற கேள்விக்குப் போனேன். அந்தக் கேள்வி இருநூறு வருடங்களுக்கு முன்பே நம் ஊர்ப்பக்கம் வேறொருவரைப் படாதபாடு படுத்தியிருக்கிறது.

*

முதலில் கணக்கு. பூமி உருண்டை என்பதால் உயரத்தைப் பொறுத்து அடிவானம் தள்ளிப்போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். எங்கள் கோபுரம் 125 அடி, அதாவது சுமார் 38 மீட்டர். அதன் உச்சிக்கு அடிவானம் 22 கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரின் கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அவர் பங்குக்கு ஒரு 5 கிலோமீட்டர். தரை சமமாக இருந்து, நடுவில் மரமோ வீடோ மறைக்காவிட்டால், 27 கிலோமீட்டர் வரை உச்சிக் கலசத்துக்கும் கண்ணுக்கும் இடையில் பூமி குறுக்கே வராது. 3000 அடியில் பறக்கும் சிறிய விமானத்துக்கோ அந்தத் தடை 130 கிலோமீட்டருக்கு அப்பால்தான்.

அடுத்தது கண். நல்ல பார்வை உள்ள மனிதக் கண், பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 20 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் 38 மீட்டர் கோபுரம் நம் கண்ணில் அதுபோல் ஆறரை மடங்கு உயரம் இருக்கும். முழுநிலவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சிறிதுதான், ஆனால் தெரியும்.

மூன்றாவது காற்று. புழுதியும் ஈரப்பதமும் புகையும் ஒளியைச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக்கூடப் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்து, கடைசியில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். இதை 1924-இல் ஜெர்மானியரான ஹரால்ட் கோஷ்மீடர் ஒரு சூத்திரமாக்கினார். விமான நிலையங்கள் பார்வைத்தூரம் சொல்வதற்கு அடிப்படை அதுதான். அப்பா "மழை ஓஞ்ச மறுநா காலைல" என்று நிபந்தனை போட்டாரே, அது கோஷ்மீடரின் நிபந்தனை. மழை புழுதியைக் கழுவிவிட்டிருக்கும், வெயிலேறிக் கானல் தொடங்கியிருக்காது.

பூமியின் வளைவு, கண், காற்று. இந்த மூன்றோடும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய மனிதர் வில்லியம் லாம்டன்.

*

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் ஓர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துப் புள்ளி ஒன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை அடியாக வைத்து அடுத்த முக்கோணம். இப்படி முக்கோணம் மேல் முக்கோணமாகப் பின்னிக்கொண்டு போனதுதான் பிற்பாடு இமயம் வரை சென்ற மகா முக்கோண அளவை.

கோணம் அளக்கும் தியோடலைட் லண்டனில் வில்லியம் கேரி செய்தது. மூன்றடி விட்ட வட்டம், அரை டன் எடை. இந்தியாவுக்கு வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், என்னவென்று பார்த்தபின் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

முக்கோண வேலைக்கு ஒரே ஒரு தேவைதான்: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் தெரியவேண்டும். மலைப்பிரதேசத்தில் அது எளிது. ஒரு குன்றின் உச்சியில் கொடி நட்டுவிட்டு அடுத்த குன்றுக்குப் போகலாம். லாம்டன் காவிரிப் படுகைக்கு வந்தபோது சிக்கிக்கொண்டார். தட்டையான நிலம், குன்று கிடையாது. பார்க்கும் பக்கமெல்லாம் தென்னை, பனை. அவருக்கு அங்கே உயரமாக நின்றவை கோயில் கோபுரங்கள்தான். கடவுளுக்காக எழுப்பிய உயரத்தைக் கம்பெனி தன் அளவைக்கு எடுத்துக்கொண்டது.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில். விமானம் 66 மீட்டர். மேலே சொன்ன சூத்திரப்படி உச்சியிலிருந்து அடிவானம் 29 கிலோமீட்டர். படுகையில் அதைவிட நல்ல பார்வைமேடை வேறில்லை. அரை டன் தியோடலைட்டைக் கப்பி கட்டி மேலே இழுத்தார்கள். கோபுரச் சுவரில் படாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஊசலாடிப்போய்ச் சுவரில் மோதியது. கோணங்களின் உயிரே அந்த வட்டம்தான், அது நெளிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மூட்டைகட்டியிருப்பார்கள். லாம்டன் கருவியைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய், ஆறு வாரம் அடைந்துகிடந்து, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறமும் பல வருடம் அந்தக் கருவிதான் வேலை செய்தது.

வேலை தெற்கே நகர்ந்து திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. பாளையங்கோட்டை அருகே ஓர் அடிக்கோடு அளந்தார்கள். குமரிக்குப் பக்கத்தில் புன்னை என்னும் இடம் இந்தியாவின் பெரிய வளைவுக்குத் தென்முனையானது. அங்கிருந்து பெங்களூர் வரை வடக்கே ஏறும் அந்த முக்கோணத் தொடர் 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டிப் போகிறது. என் வரைபடம், வடக்கே 9 முதல் 10 பாகை, கிழக்கே 77 முதல் 78 பாகை என்னும் சதுரம். லாம்டனின் பாதை அந்தச் சதுரத்தின் வழியாகத்தான் போயிருக்கிறது.

காலத்தையும் பார்க்கவேண்டும். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தன. அதற்குப் பத்து வருடத்துக்குள் கருவிகளோடு அளவையாளர்கள் இங்கே வந்துவிட்டார்கள். பூமியின் உருவத்தை அறியவேண்டும் என்ற லாம்டனின் ஆவல் உண்மையானது. ஆனால் கம்பெனி அதற்குச் செலவழித்தது வேறு கணக்கில்: படை நகர்த்தவும் வரி வாங்கவும் நல்ல வரைபடம் தேவை. எந்த மேட்டிலிருந்து எது தெரியும் என்ற அறிவு அதுவரை ஊர்க்காரனிடம் இருந்தது. பாளையக்காரர்கள் அந்த அறிவை வைத்துத்தான் காட்டிலும் கரிசலிலும் போரிட்டார்கள். இப்போது அது கோணங்களாக, அட்டவணையாக அலுவலகத்துக்குப் போனது.

லாம்டன் 1823-இல் வேலையின் நடுவே ஹிங்கன்காட்டில் இறந்தார். அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், காற்று என்னும் மூன்றாவது எதிரிக்கு வழி கண்டார். பகலில் தூரத்துக் கொடி கானலில் கரைந்துபோகும். அதனால் பகலில் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பி அடித்தார், இரவில் விளக்கு ஏற்றினார். இரவின் குளிர்ந்த காற்று ஒளியை அதிகமாக வளைப்பதால், பகலில் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும் இடத்து விளக்குகூட இரவில் மேலே எழும்பித் தெரிந்தது. கங்கைச் சமவெளியில் குன்றும் இல்லை, வாகான கோபுரங்களும் இல்லை என்றபோது ஏறத்தாழ ஐம்பதடிக் கோபுரங்களை அவரே கட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். எவரெஸ்ட் நிலம் முழுவதையும் தெளிவாகக் காண முயலவில்லை. அது முடியாது. தனக்கு வேண்டிய ஒரே ஒரு புள்ளியை மட்டும் பிரகாசமாக்கினார். இந்தப் பாடம் எனக்குப் பின்னால் உதவியது.

*

இனி கணினி. 1970களின் முடிவில் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் கணினிக்கு ஒரு ஃபிளைட் சிமுலேட்டர் எழுதினார். வெறும் கோடுகளால் ஆன உலகம். 1982-இல் அதன் வழிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வந்தது. சிகாகோ, நியூயார்க் என்று நான்கைந்து அமெரிக்கப் பகுதிகள்தான் அதில் உலகம். ஒரு நொடிக்கு எத்தனை கோடு வரைய முடியும் என்பதே காட்சித்தூரத்தின் எல்லை.

அதற்குள் விடையின் அடிப்படை எழுதப்பட்டுவிட்டது. 1976-இல் ஜேம்ஸ் கிளார்க் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பிற்பாடு சிலிக்கன் கிராஃபிக்ஸையும் நெட்ஸ்கேப்பையும் தொடங்கியவர் இவர்தான். அவர் சொன்னது எளிமையானது. ஒரே பொருளுக்குப் பல மாதிரிகள் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே இருக்கும்போது நுணுக்கமானது, தள்ளிப்போனால் சுமாரானது, இன்னும் தள்ளிப்போனால் வெறும் பெட்டி. திரையில் நான்கு புள்ளி அளவே இருக்கும் வீட்டுக்கு ஜன்னல் கம்பி வரைவது வீண். இதை இன்று எல்ஓடி என்கிறோம். நுணுக்க அளவு.

கடைசிப் படி, வரையாமலே விட்டுவிடுவது. என் கோபுரத்துக்கு நடந்தது அதுதான்.

விட்டுவிட்டதை மறைக்க 1990களின் கேம்கள் பனிமூட்டத்தைப் பிடித்தன. 1997-இன் டூராக், 1999-இன் சைலன்ட் ஹில் எல்லாம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பிளேஸ்டேஷனால் தூரத்தை வரைய முடியாது, ஆகவே ஊரே பனியில் மூழ்கிக் கிடந்தது. பயத்துக்கு அது பொருந்திப்போனது. விமானத்துக்குப் பொருந்தாது. விமானி தூரத்தைப் பார்த்தே ஆகவேண்டும். 1996-இல் மைக்ரோசாஃப்டின் ஹியூஸ் ஹோப்பே, ஒரு மாதிரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் முக்கோணம் முக்கோணமாகக் கூட்டிக் குறைக்கும் வழியைக் காட்டினார். ஆம், கணினியிலும் எல்லாப் பொருளும் முக்கோணங்கள்தான். லாம்டன் நிலத்தின் மேல் பின்னியதை கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு அறுபது தடவை பின்னுகிறது.

நிலத்தின் உயரங்களுக்கு 2000 பிப்ரவரியில் பெரிய விடிவு. எண்டெவர் விண்ணோடம் 11 நாள் ரேடாரால் பூமியின் பெரும்பகுதியை அளந்தது. நமக்கெல்லாம் முதலில் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைத்தது, 2014-க்குப் பின் 30 மீட்டருக்கு ஒன்று. நான் முதலில் 90 மீட்டர் தரவைப் போட்டபோது கழுகுமலை ஒரு மொட்டை மேடாக வந்தது. 30 மீட்டர் போட்டதும் பாறை பாறையாக எழுந்தது. வெட்டுவான் கோயிலைச் செதுக்கிய மலை அது என்று நம்பலாம்போல் இருந்தது.

ஆனால் சிமுலேட்டர்கள் நிலத்தையும் பொருளையும் தனித்தனியாக நடத்துகின்றன. நிலத்தை நூறு கிலோமீட்டர் வரைகூட வரையும். அதன்மேல் நிற்கும் பொருள்களைச் சில கிலோமீட்டரில் நிறுத்திவிடும். காரணம் எண்ணிக்கை. நிலம் ஒன்று, வீடுகள் லட்சம். அதனால்தான் என் திரையில் 20 கிலோமீட்டர் தள்ளி கழுகுமலை தெரிந்தது, மூன்று கிலோமீட்டரில் இருந்த கோபுரம் தெரியவில்லை.

*

பழுதுபார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதல் தவறு என்னுடையது. சிமுலேட்டரின் அமைப்புகளில் பொருள் தூரம் முழுவதையும் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு பனைமரமும் 20 கிலோமீட்டருக்கு வரையப்பட்டன. நொடிக்கு 50 படம் ஓடிய இடத்தில் 9 படம். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். மூன்று கிலோமீட்டரை இருபதாக்கியவன் 44 மடங்கு பரப்பைக் கேட்டிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

சரியான வழி, அந்தந்தப் பொருளுக்குத் தனித்தனி எல்லை வைப்பது. எக்ஸ்பிளேனில் ஒரு பொருளின் கோப்பிலேயே எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை எந்த மாதிரி என்று எழுதிவிடலாம். எழுதாவிட்டால் பொருளின் அளவைப் பார்த்து அதுவே முடிவெடுக்கும். புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர்களில் தூரத்துக்குப் பதில் திரை உயரத்தில் இத்தனை சதவீதம் என்று கொடுக்கவேண்டும். திறந்த மூல ஃபிளைட்கியரில் தூரப் பட்டைகள் இருக்கின்றன.

கோபுரத்துக்கு மூன்று மாதிரி செய்தேன். இரண்டு கிலோமீட்டர் வரை சுதைச் சிற்பங்களோடு முழு உருவம். எட்டு வரை, ஒன்பது நிலையும் கலசமும் மட்டும் தெரியும் பட்டகம், சிற்பங்களெல்லாம் அதன்மேல் ஒட்டிய படம். அதற்கப்பால் 25 கிலோமீட்டர் வரை வெறும் பன்னிரண்டு முக்கோணம். அறுபது பாகை அகலத்தைக் காட்டும் 1920 புள்ளித் திரையில், 10 கிலோமீட்டரில் கோபுரம் ஏழு புள்ளி உயரம், 20-இல் மூன்றரை. ஏழு புள்ளிக்குப் பன்னிரண்டு முக்கோணமே தாராளம். மேலே குறுகும் அந்தச் சாய்வு மட்டும் சரியாக இருந்தால் நம் கண் மீதியை நிரப்பிக்கொள்கிறது.

இன்னொரு வில்லங்கம் ஆழம். எது முன்னால் எது பின்னால் என்று கணினி 24 பிட்டில் குறித்துவைக்கும் முறையில், கிட்டத்து எல்லையைப் பத்து சென்டிமீட்டரில் வைத்தால், 20 கிலோமீட்டரில் 240 மீட்டர் இடைவெளியைக்கூட அதனால் பிரித்தறிய முடியாது. கோபுரமும் அதன் பின்னால் இருக்கும் தெருவும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மினுக்கும். காட்சியைக் கிட்டம், தூரம் என்று இரண்டாகப் பிரித்து வரைவது ஒரு வழி. ஆழத்தைத் தலைகீழாகச் சேமிப்பது இன்னொன்று. புதிய என்ஜின்கள் இதைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. பழையதில் கிட்டத்து எல்லையை ஒரு மீட்டருக்குத் தள்ளினாலே பத்து மடங்கு நிம்மதி.

கடைசியாக, காற்று. தூரத்து மாதிரியின் நிறத்தைக் கொஞ்சம் வெளிற வைத்தேன். சிமுலேட்டரின் மூட்டமும் சேர்ந்து அதை முழுக்க அழித்துவிட்டது. திரும்பவும் பழைய நிறத்துக்கே போனேன். அந்த வேலை காற்றுடையது, என்னுடையது இல்லை. நேரடி வானிலை அறிக்கையில் 9999 என்று வந்தால் பத்து கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றுதான் பொருள். மழை ஓய்ந்த மறுநாள் காலையை அந்த எண் சொல்லாது. அதற்குத் தூரத்தை நானே கையால் வைத்தேன்.

*

இதெல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. வேறு எதற்கெல்லாம் அந்த 25 கிலோமீட்டர் உரிமையைக் கொடுப்பது? எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாது என்று பார்த்துவிட்டோம். என்ஜினிடம் விட்டால் அளவைப் பார்க்கும். பெரியதுக்கு முதலிடம். எங்கள் பக்கம் பெரியவை காற்றாலைகள். புதியவை பல, கோபுரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு உயரம். அவற்றைத் தூரத்திலிருந்து காட்டுவதுதான் நேர்மை, காட்டினேன். ஆனால் அளவு ஒன்றே விதி என்றால் கோபுரம் எங்கோ பின்வரிசைக்குப் போய்விடும். உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படத்திலிருந்து தானாகவே எழுப்பும் முறைகள் இப்போது வந்துவிட்டன. பெரிய அதிசயம்தான். அவை கூரையை மேலிருந்து பார்க்கின்றன. எது அடுக்குமாடி, எது கோபுரம் என்று அவற்றுக்கு ஒருவர் சொல்லித்தரவேண்டும். எதைப் பார்த்து ஊர்க்காரன் செருப்பை மாட்டுகிறான் என்பது படத்தில் இல்லை.

அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதினேன். கோபுரம் வேண்டும். கழுகுமலை நிலத்தோடு வந்துவிடும். ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றார், அதைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைப்பாராம். ஓர் ஆலமரம் சொன்னார், அது இப்போது இல்லை. சாலை விரிவாக்கத்தில் போய்விட்டது. "இருந்த மரத்த வச்சா என்னல குத்தம்?" என்றார். வைக்கவில்லை. இருப்பதைத்தான் காட்டுவது என்று வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்னும் மனசு சரியில்லை.

எங்கள் ஊரில் பூலித்தேவரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. நெற்கட்டும்செவலை ஆண்ட அவரைக் கம்பெனிப் படை பிடித்துக்கொண்டு போகும் வழியில், சங்கரன்கோவில் அம்மனை ஒருதரம் கும்பிட்டுக்கொள்கிறேன் என்றாராம். உள்ளே போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பார்கள். கோயிலில் அவர் பெயரால் இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். சின்ன வயதில் எத்தனையோ தரம் அதன் முன்னால் நின்று, ஒரு ஆள் எப்படிக் காணாமல் போக முடியும் என்று யோசித்திருக்கிறேன். அளவைக் கருவிகள் வந்து ஒவ்வொரு மேட்டுக்கும் எண் போடுவதற்கு நாற்பது வருடம் முந்தைய கதை அது. அந்நியன் கண்ணுக்குத் தப்பி மறைய ஊரில் இன்னும் இடம் இருந்த காலம்.

பொங்கலுக்குப் போனபோது புதிய வரைபடத்தோடு போனேன். அதே தடம், அதே தெற்கு. பனவடலி தாண்டியதும் அப்பா முன்னால் குனிந்தார். அடிவானத்தில் ஏழெட்டுப் புள்ளி உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் கூம்பு.

"தெரியுதுடே" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்நேரத்துக்கு ரெண்டு பேரு எந்திரிச்சு படிக்கட்டுக்கு வந்திருப்பான்" என்றார்.